ஜான் லாக் பெயரில் ஒரு எழுத்துப் பகடை: கட்டை நன்று, கையேடு வேண்டாம்

மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் வாங்கியது. விலை 650 ரூபாய். பெட்டிக்குள் மரப் பகடை ஐந்து, காசு அளவில் ஒரு வட்டச் சில்லு, துணிப்பை, 24 பக்கக் கையேடு, நட்சத்திர ஸ்டிக்கர் தாள், சுவரில் மாட்டுகிற மாதிரி ஓர் அட்டவணை. பெட்டியின் மேல் நீள முடியும் ஒடுங்கிய முகமுமாக ஒரு வெள்ளைக்காரத் தத்துவவாதியின் படம். ‘ஜான் லாக் முறையில் தமிழ் எழுத்து’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. சின்னக் கம்பெனி, பிழைத்துப் போகட்டும்.

நான் முனிச்சாலைப் பக்கம் கடைசல் பட்டறை வைத்திருப்பவன். கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, சப்பாத்திக் கட்டை, நடைவண்டிச் சக்கரம் எல்லாம் கடைகிற இடம். அப்பா காலத்தில் புது மண்டபத்தில் ஒரு கடைக்கு நடைவண்டி போட்டுக்கொண்டிருந்தோம். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் எப்போதாவது ஆர்டர் வரும். ஆகவே மரத்தைப் பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்வதை, யூ.கே.ஜி. படிக்கிற ஒரு மகளுக்கு அப்பன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரம். கையேடு ‘வேப்பமரம்’ என்கிறது. வேம்பு இல்லை. வேம்பை இழைத்தால் கசப்பு வாடை தெரியும், நிறமும் செம்மை தட்டும். இது வெளிர் மஞ்சள். ஒரு முகத்தை உப்புத்தாளில் தேய்த்து மோந்து பார்த்தேன், வாடையே இல்லை. ரப்பர் மரம் என்றுதான் எனக்குப் படுகிறது. ரப்பர் மரம் ஒன்றும் மட்டமில்லை. பால் வற்றிய மரத்தை அறுத்து, மருந்தேற்றி, ஒழுங்காக உலர்த்தினால் பொம்மைக்கு அருமையான மரம். அப்படியே சொல்லி விற்றிருக்கலாம். வேம்பு என்று போட்டால் பெற்றோர் மனசு இளகும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வேலைப்பாடு சுத்தம். வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: நாலு கட்டை சரியாக 25 மில்லிமீட்டர். ஒன்று மட்டும் ஒரு பக்கம் அரை மில்லி குறைவு. அதனால் அந்தக் கட்டையில் ர், ல் இரண்டும் கொஞ்சம் அதிகம் விழுகிற மாதிரி தெரிகிறது. காசு வைத்துத் தாயம் ஆடுகிறவர்கள் கையில் இது கிடைத்தால் மண்டை உடையும். எழுத்து விளையாட்டுக்கு ர், ல் அடிக்கடி வருவது லாபம்தான். முனைகளை அளவாக மழித்திருக்கிறார்கள், பகடை நன்றாக உருள்கிறது, வெகுதூரம் ஓடுவதில்லை. எழுத்தைப் பெயின்டில் எழுதாமல் லேசரில் சுட்டிருப்பது புத்திசாலித்தனம். பிள்ளைகள் வாயில் வைத்தாலும் உரியாது.

மெய்யெழுத்துக் கட்டையில் எது மேல், எது கீழ் என்ற குழப்பமே இல்லை, புள்ளி காட்டிக் கொடுத்துவிடும். உயிரெழுத்துக் கட்டையில் அந்த வசதி கிடையாது. எ, ஒ எல்லாம் தலைகீழாக விழுந்தால் பாப்பா தன் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். அடியில் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தால் போதும். எ, ஏ வித்தியாசம் காட்டுகிற கீழ்க்கோடும் ரொம்ப மெல்லிசு. அழுக்கு ஏறினால் மறைந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லாக் 1632இல் பிறந்த ஆங்கிலேயர். தத்துவம் எழுதினார், வைத்தியமும் பார்த்தார். கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. அரசியல் காரணத்தால் ஹாலந்தில் ஒதுங்கியிருந்தபோது எட்வர்ட் கிளார்க் என்ற நண்பருக்கு, மகனை எப்படி வளர்க்கலாம் என்று கடிதம் கடிதமாக எழுதினார். அவைதான் 1693இல் ‘கல்வி பற்றிய சில சிந்தனைகள்’ என்று புத்தகமானது. ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பட்டறையில் மோட்டாரை நிறுத்திய பிறகு உட்கார்ந்து படித்தேன். பழைய நடை, வாக்கியம் முடியவே முடியாது. புரியாத இடத்தில் கொழுந்தியாளுக்கு போன் போட்டேன், அவள் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறாள்.

‘லாக் கண்டுபிடித்த பகடை’ என்று கையேடு சொல்கிறது. அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த பெரிய இடத்து மனிதர் ஒருவர் செய்ததாக எழுதுகிறார்: ஒரு பகடையின் ஆறு முகத்தில் ஆறு உயிரெழுத்து, மூன்று பகடையில் மிச்சமுள்ள 18 மெய்யெழுத்து. நாலையும் உருட்டி யார் அதிகச் சொல் சேர்க்கிறாரோ அவருக்கு ஜெயம். இன்னும் கால்சட்டை போடாத வயதிலேயே அந்த மனிதரின் மூத்த மகன், ஒரு தடவைகூடத் திட்டு வாங்காமல் ஆடி ஆடியே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டானாம். அவர்கள் ஊரில் அப்போது 24 எழுத்துதான். ஜே தனி எழுத்தாகவில்லை, யு-வும் வி-யும் ஒன்றாகவே எண்ணப்பட்டன, ஒய் உயிரில் சேர்த்தி.

அந்த 18 என்ற எண்ணில்தான் இந்தக் கம்பெனியில் யாருக்கோ பொறி தட்டியிருக்கிறது. நமக்கும் மெய் 18. அதுவும் வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. பகடைக்கென்றே பிரித்து வைத்த மாதிரி இருக்கிறது. க் ச் ட் த் ப் ற் ஒரு கட்டை, ங் ஞ் ண் ந் ம் ன் ஒரு கட்டை, ய் ர் ல் வ் ழ் ள் ஒரு கட்டை. உயிர் பன்னிரண்டுக்கு இரண்டு கட்டை. மொத்தம் ஐந்து. ஆய்தத்துக்கு முகம் இல்லாமல் போனதால் அதைத் தனிச் சில்லாக்கி விட்டார்கள். (தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் சில்லை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள், தொண்டையில் போகிற அளவு.) மெய்யையும் உயிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உயிர்மெய். 216 எழுத்தை அச்சடித்துப் பிள்ளை தலையில் கொட்டாமல் 30 எழுத்தில் முடித்திருக்கிறார்கள். இதற்கே பாதி விலை கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் ஆட்டம் நடந்த விதத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம், நானும் அம்மாவும் மூன்றாம் வகுப்பு படிக்கிற என் அக்கா மகனும் உட்கார்ந்தோம். அம்மாவுக்குப் பகடை என்றால் தாயம்தான். ஐந்தையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உரசி, “விழு, விழு” என்று சொல்லித்தான் போடுவார். பையனுக்கு ம், ட், ல், அ, ஐ விழுந்தது. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு ம்-மையும் அ-வையும் ஒட்டினான், ல்-லையும் ஐ-யையும் ஒட்டினான். “மலை!”

“அந்த ட் சும்மா கெடக்கே, அதையும் சேர்றா” என்றார் அம்மா.

“அது சேராது அம்மாச்சி.”

பாப்பா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போடுகிறேன் என்று வந்தாள். “இது பெரியவங்க ஆட்டம், உக்காந்து பாரு” என்று அம்மா சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அடுத்த ஆட்டம் முடிவதற்குள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா மனசு கேட்காமல் தன் முறையை விட்டுக்கொடுத்தார். மகளுக்கு விழுந்த முதல் எழுத்து ழ். இது என்ன என்று அப்பத்தாவைக் கேட்டாள். “ள” என்றார் அப்பத்தா. எங்கள் வீட்டில் வாழைப்பழம் எப்போதும் வாளப்பளம்தான். பையன் நாக்கை மடித்து ‘ழ்’ என்று சொல்லிக் காட்ட, இவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தூங்குகிற வரை வீட்டைச் சுற்றி வந்தாள்.

அம்மா லாக்கைப் படித்தவர் இல்லை. ஆனால் லாக் சொல்வதும் அச்சு அசல் இதுவேதான். பிள்ளையை ஆட்டத்துக்கு அழைக்காதே, அழைத்தால் அது வேலையாகிவிடும் என்கிறார். பெரியவர்கள் தங்களுக்குள் ஆடுகிற ஆட்டம் என்றே அவன் நினைக்கட்டும், தானாக வந்து ஒட்டிக்கொள்வான். ஆடி முடித்ததும் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிடு, அப்போதுதான் மதிப்பு. எங்கள் வீட்டில் துணிப்பை இப்போது அலமாரி மேல்தட்டில் இருக்கிறது.

இதே லாக்கின் படத்தைப் போட்டுக்கொண்டு கையேடு என்ன சொல்கிறது பாருங்கள். காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம். பெற்றோர் எதிரே உட்கார வேண்டும். ஒவ்வொரு சரியான எழுத்துக்கும் ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பரிசு. அட்டவணையில் தேதி, மதிப்பெண், பெற்றோர் கையெழுத்து. டியூஷனை மரத்தில் செய்து பெட்டியில் அடைத்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. பரிசு விஷயத்தில் லாக் கறார். மிட்டாயையும் காசையும் காட்டிப் படிக்க வைத்தால் பிள்ளை மிட்டாயையும் காசையும்தான் பெரிதாக நினைக்கக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கட்சி. பெரியவர்களிடம் நல்ல பெயர், கெட்ட பெயர், இது இரண்டும் போதும் என்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு. நல்ல பெயருக்கு ஏங்குகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நட்சத்திரத் தாளை நான் மறுநாளே பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டேன். வார்னிஷ் டப்பாக்களில் ஒட்டி வைத்திருக்கிறேன், எது எந்த நிறம் என்று சட்டென்று தெரிகிறது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இரண்டாம் பாகம் சேகரியுங்கள், மூன்றாம் பாகம் விரைவில்’ என்று விளம்பரம். லாக் இதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு அவ்வளவு விளையாட்டுச் சாமான். தினம் அதை எல்லாம் எடுத்துப் பார்க்கவே வேலைக்காரிக்கு இடுப்பு ஒடியும். அந்தக் குழந்தையோ, இன்னும் என்ன, புதிதாக எனக்கு என்ன என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததாம். வழவழப்பான ஒரு கூழாங்கல், ஒரு துண்டுக் காகிதம், அம்மாவின் சாவிக்கொத்து, சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் போதும், கடைப் பொம்மை தேவையில்லை என்கிறார். கொஞ்சம் வளர்ந்தால் தானே செய்துகொள்ளட்டும், பம்பரம் மாதிரி கைக்கு வராததை மட்டும் வாங்கிக் கொடு என்கிறார். பொம்மை விற்கிறவர்கள் தங்கள் பெட்டியில் இவர் படத்தைப் போடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

‘குழந்தையின் மனம் வெள்ளைத்தாள், நீங்கள் எழுதுவதே அதில் நிற்கும்’ என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் அவர் அப்படி ஒரு இடத்தில் சொல்வது உண்மை. வெள்ளைத்தாள், மெழுகு, விருப்பப்படி உருவாக்கலாம் என்று நண்பரின் மகனை மனதில் வைத்துச் சொல்கிறார். ஆனால் அதே புத்தகத்தின் நடுவில், ஒவ்வொருவர் மனதிலும் கடவுள் சில குணங்களைப் பதித்துத்தான் அனுப்புகிறார், உடம்பின் வடிவத்தைப் போல அதைக் கொஞ்சம் திருத்தலாம், முழுக்க மாற்ற முடியாது என்றும் இருக்கிறது. கையேடு முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. மரம் தொடுகிற யாருக்கும் இரண்டாவதுதான் உடனே விளங்கும். ரேகை போகிற பக்கம் பார்க்காமல் உளியை வைத்தால் சிம்பு பெயர்ந்து கையைக் கிழிக்கும்.

கையேடு சொல்லாமல் விட்டது இன்னும் உண்டு, சிலது விட்டதே நல்லது. பிள்ளையின் காலைத் தினமும் பச்சைத் தண்ணீரில் கழுவு, தண்ணீர் உள்ளே புகுகிற மாதிரி மெல்லிய ஷூ தைத்துக் கொடு என்று அந்தக் குளிர் தேசத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். திராட்சை, முலாம்பழம் ஆகாது. அடிக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக நன்றாகச் சொல்லிக்கொண்டே வந்துவிட்டு, பிடிவாதத்துக்கு மட்டும் விலக்கு வைக்கிறார். ஒரே காலையில் சின்ன மகளை எட்டுத் தடவை அடித்து வழிக்குக் கொண்டுவந்த ஒரு தாயைப் புகழ்கிறார். பிள்ளை இல்லாதவர் எழுதியது என்று அங்கேதான் எனக்குத் தோன்றியது.

எனக்கு நெருக்கமான ஒரு பகுதியும் உண்டு. பெரிய வீட்டுப் பையன் ஒரு கைத்தொழில் கற்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். தோட்ட வேலை, மர வேலை, இரண்டும் என்றால் இன்னும் நல்லது. மர வேலையில் தச்சு, இழைப்பு, கடைசல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். 300 வருஷத்துக்கு முந்தைய ஒரு தத்துவவாதி கடைசலைச் சொல்லியிருக்கிறாரே என்று அந்தப் பக்கத்தைப் பட்டறைப் பையன்களுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். அதன் பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது. 1697இல் அரசாங்க வாரியத்தில் இருந்துகொண்டு ஏழைகளைப் பற்றி அவர் ஒரு திட்டம் எழுதினார். அதில் உதவி கேட்டு வருகிறவர்களின் பிள்ளைகள் மூன்று வயதுக்கு மேல் 14 வயது வரை வேலைப் பள்ளியில் கம்பளி நூற்க வேண்டும். சாப்பாடு ரொட்டி. குளிர் காலத்தில், தேவைப்பட்டால், கொஞ்சம் கஞ்சி. பகடை ஆட்டம் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. பெரிய வீட்டுப் பையனுக்கு மர வேலை படிப்புக்கு நடுவே ஒரு மாறுதல். என் தாத்தா மாதிரி ஆட்களுக்கு எட்டு வயதில் அதுதான் பிழைப்பு. பெட்டியில் ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்று போட்டிருப்பது கம்பெனியின் வாக்கு. லாக் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொல்லாததை இவர்கள் செய்தால் எனக்குச் சந்தோஷமே, ஆனால் 650 ரூபாய் என்று விலை வைத்துவிட்டுச் சொல்லக் கூடாது.

சரி, ஆட்டத்தின் விதிக்கு வருவோம். அங்கே ஒரு பெரிய ஓட்டை. ஒரு கட்டையை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம் என்கிறது கையேடு. முதல் உயிர்க் கட்டையில் அ ஆ இ ஈ உ ஊ, இரண்டாவதில் எ ஏ ஐ ஒ ஓ ஔ. தமிழில் அதிகம் புழங்குகிற அ-வும் உ-வும் ஒரே கட்டையில் மாட்டிக்கொண்டால் எப்படிச் சொல் சேரும்? மலை, மழை, யானை, ஓடு எல்லாம் வருகிறது. அம்மா வராது, அப்பா வராது. மதுரையும் வராது. இத்தனைக்கும் ம், த், ர் என்று மூன்று இனத்துக்கும் ஒன்றாக அமைந்த ஊர்ப் பெயர் அது. மெய்க் கட்டை மூன்றும் தயாராக இருக்கின்றன, உயிர்தான் அ, உ, ஐ என்று மூன்று கேட்கிறது.

நாங்கள் விதியை மாற்றிவிட்டோம். மெய்யின் புள்ளியை விரலால் மறைத்தால் அகரம் இலவசம். இது அக்கா மகன் கண்டுபிடித்தது, எந்தக் கையேட்டிலும் இல்லை. இப்போது ம்-மின் புள்ளியை மூடு, த்-தோடு உ, ர்-ரோடு ஐ, ஒரே வீச்சில் மதுரை. 7,776 விதமாக விழக்கூடிய ஐந்து பகடையில் ஒரே ஒரு விதம். பாப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நாலு விழுந்து ஐந்தாவது மட்டும் தப்பாக வந்தால், அப்பத்தா வெற்றிலைச் செல்லத்தின் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, ஆள்காட்டி விரலால் கட்டையை மெதுவாகப் புரட்டி விடுகிறாள். எந்தப் பக்கம் புரட்டினால் எந்த எழுத்து வரும் என்பது அவளுக்கு இப்போது அத்துப்படி. நான் கண்டுகொள்வதில்லை. ஐ எங்கே இருக்கிறது என்று தேடிப் புரட்டுகிற பிள்ளைக்கு ஐ தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்.

ஒரே சொல்லை இரண்டு தடவை எண்ணலாமா, ‘ரோடு’ தமிழில் சேர்த்தியா என்றெல்லாம் கையேடு வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் ரோடு சேர்த்தி. அம்மாவின் தீர்ப்பு.

லாக் தன் யோசனையாக இன்னொன்றும் சொல்கிறார்: 24, 25 முகம் உள்ள ஒரு உருண்டை, முதலில் அதில் நாலு எழுத்தையோ இரண்டே எழுத்தையோ பல முகத்தில் ஒட்டு, அது பழகிய பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டு. இந்தப் பெட்டியில் அந்த வசதி இல்லை, முதல் நாளே 30 எழுத்தும் கண் முன்னால். நாலு வயதுக்குக் கீழே இருந்தால் அதனால்தான் வேண்டாம் என்பேன். ஐந்து, ஆறு வயதுக்குச் சரி, கூட ஆடப் பெரிய பிள்ளை ஒன்று இருந்தால் ரொம்பச் சரி. கூட ஆட நேரமில்லாத வீட்டுக்கு இது வெறும் ஐந்து துண்டு மரம்.

பட்டறையில் பூவரசுத் துண்டு ஒன்று கிடந்தது. ஆறாவது பகடைக்கு அறுத்து வைத்திருக்கிறேன். இரண்டு முகத்தில் உ, மற்றதில் இ, ஆ, ஐ, கடைசி முகத்தில் ஃ. சில்லுக்கு இனி வேலையில்லை. கம்பெனிக்காரர்கள் கையேட்டையும் ஸ்டிக்கரையும் அட்டவணையையும் கழித்துவிட்டு, கட்டையும் பையும் மட்டும் 400 ரூபாய்க்குக் கொடுத்தால் அக்கா வீட்டுக்கும் ஒன்று வாங்குவேன்.